தொலைஞ்ச பேக்கெட்ட திருப்பிக் கேக்காமலே ஒரு பெரிய வீடியோவ அனுப்ப முடியுமா?

"ஸ்பீட் டெஸ்ட் போட்டா 100 எம்பிபிஎஸ் காட்டுது, ஆனா தூரத்துல இருக்கற சர்வருக்கு ஒரு பெரிய வீடியோவ அனுப்பினா 5 எம்பிபிஎஸ் தாண்ட மாட்டேங்குது, ஏன்?"னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஸ்பீட் டெஸ்ட் சொல்றது பொய் இல்ல. அது பெரும்பாலும் பக்கத்துல இருக்கற சர்வரோட, ஒரே நேரத்துல பல கனெக்‌ஷன் போட்டு அளக்கற நம்பர். நீங்க அனுப்பறது ஒரே கனெக்‌ஷன்ல, ரொம்ப தூரத்துக்கு.

ஃபைல் எல்லாம் சுமார் 1500 பைட் துண்டுகளாத்தான் போகும், ஒவ்வொரு துண்டுக்கும் பேரு பேக்கெட். இத அனுப்பி வாங்கற இன்டர்நெட் விதிமுறைக்குப் பேரு டிசிபி. அது கொஞ்சம் அனுப்பும், "வந்துச்சு"ன்னு பதில் வந்தாதான் மேல அனுப்பும். பதில் வராம எவ்வளவு அனுப்பலாம்ங்கற அளவுக்குப் பேரு விண்டோ. பழைய டிசிபில அது அதிகபட்சம் 65,535 பைட். ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அதனால 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கற சர்வர்ல இருந்து பதில் திரும்பி வர குறைஞ்சது 100 மில்லிசெகண்ட். 0.1 செகண்டுக்கு 65,535 பைட்னா (ஒரு பைட்டுக்கு 8 பிட்) கணக்குப் போட்டுப் பாருங்க, 5.2 எம்பிபிஎஸ்தான் வரும், லைன் எவ்வளவு பெருசா இருந்தாலும் சரி. 1992ல வந்த விண்டோ ஸ்கேலிங், அதாவது விண்டோவ பெருசாக்கற வழி, இந்தத் தடைய எடுத்துடுச்சு, இப்ப கிட்டத்தட்ட எல்லா மெஷின்லயும் அது இருக்கு.

அப்புறமும் ஏன் மெதுவா போகுதுன்னா, பேக்கெட் தொலையறதுதான் காரணம். 1986 அக்டோபர்ல அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சி லேபுக்கும் யுசி பெர்க்லி யுனிவர்சிட்டிக்கும் நடுவுல, வெறும் 400 கெஜ தூரத்துல, 32 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 32,000 பிட்) லைன் 40 பிபிஎஸ்க்கு (செகண்டுக்கு 40 பிட்) விழுந்துடுச்சு. நெரிசல்ல தொலைஞ்சத எல்லாரும் திரும்பத் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் கூடிப்போச்சு. அந்த லேப்ல இருந்த வான் ஜேக்கப்சன் 1988ல இதுக்கு வழி சொன்னார்: பேக்கெட் தொலைஞ்சா நெரிசல்னு எடுத்துக்கோ, வேகத்தக் குறை, அப்புறம் மெல்ல ஏத்து. இன்டர்நெட்ட காப்பாத்தினதே இதுதான்னு நான் நம்பறேன். ஆனா வைஃபைல சிக்னல் கலங்கி ஒரு பேக்கெட் போனாலும் டிசிபி அத நெரிசல்னு நெனச்சு தானா வேகத்தக் குறைச்சுக்கும், தூரம் ஜாஸ்தின்னா பழைய வேகத்துக்கு வர ரொம்ப நேரம் எடுக்கும்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. தொலைஞ்சது எதுன்னு கேக்கவே வேண்டாம்னா? எக்ஸ்ஓஆர்னு ஒரு கணக்கு இருக்கு: ரெண்டு பிட்டும் (ஒவ்வொண்ணும் 0 இல்லன்னா 1) ஒரே மாதிரி இருந்தா 0, வேறயா இருந்தா 1. முதல் பேக்கெட் 1011, ரெண்டாவது 0110னா, ரெண்டையும் எக்ஸ்ஓஆர் பண்ணா 1101. இத மூணாவதா அனுப்பிடறோம். இப்ப ரெண்டாவது தொலைஞ்சு போச்சா? 1101ஐயும் 1011ஐயும் எக்ஸ்ஓஆர் பண்ணுங்க, 0110 வந்து நிக்கும். முதல் பேக்கெட் தொலைஞ்சாலும் அதே மூணாவதுதான் அதையும் மீட்டுக் குடுக்கும். எது தொலையும்னு முன்கூட்டியே தெரிய வேண்டியதே இல்ல!

மைக்கேல் லூபிங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி இத பெருசா யோசிச்சார், 2002ல வெளியிட்டார். ஃபைல ஆயிரம் துண்டாக்கி, ஒவ்வொரு தடவையும் குத்துமதிப்பா சில துண்ட எடுத்து எக்ஸ்ஓஆர் பண்ணி அனுப்பிட்டே இருக்கணும், சிலதுல ஒரே துண்டு, பலதுல ரெண்டு, அபூர்வமா சிலதுல நூத்துக்கணக்குல. எதெதக் கலந்தோம்ங்கறதுக்கு ஒரு சின்ன நம்பரும் கூடவே போகும். வாங்கற பக்கம் முதல்ல ஒத்தத் துண்டு பேக்கெட்டப் பிடிக்கும், அது கலந்திருக்கற மத்த எல்லாத்துலயும் இருந்து அத (மறுபடி எக்ஸ்ஓஆர் பண்ணி) கழிக்கும், உடனே ரெண்டு துண்டு இருந்தது ஒண்ணாயிடும், அதக் கழிச்சா இன்னொண்ணு தெரியும், இப்படியே சரசரன்னு அவிழ்ந்து மொத்த ஃபைலும் வந்துடும். அந்த விகிதம் தப்பினா பாதியில கழிக்க ஒத்தத் துண்டே இல்லாம நின்னுபோயிடும், அதனால எத்தன எத்தன துண்டக் கலக்கணும்ங்கற கணக்குலதான் லூபியோட மொத்தத் திறமையும் இருக்கு. இதுக்கு ஃபவுண்டன் கோடுன்னு பேரு, ஊத்துல குடத்த வச்சா எந்தத் துளி விழுந்துச்சுன்னு யாரும் பாக்கறதில்ல, குடம் ரொம்பினா போதும்.

இதோட வளர்ந்த வடிவம் ராப்டர்க்யூ, 2011ல அதிகாரப்பூர்வ இன்டர்நெட் ஸ்டாண்டர்டா வெளியாச்சு. ஆயிரம் துண்டு ஃபைலுக்கு எந்த ஆயிரத்து ரெண்டு பேக்கெட் கைக்கு வந்தாலும், மீட்க முடியாமப் போற வாய்ப்பு பத்து லட்சத்துல ஒண்ணு அளவுதான். ஒரே நேரத்துல லட்சம் பேருக்கு ஒளிபரப்பும்போது இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க, ஒவ்வொருத்தருக்கும் வேற வேற பேக்கெட் தொலைஞ்சிருக்கும், ஆனா ஒரே எக்ஸ்ட்ரா பேக்கெட் எல்லாருக்கும் உதவும். அமெரிக்காவோட ஏடிஎஸ்சி 3.0ங்கற டிவி ஒளிபரப்பு முறைல இது இருக்கு.

ராப்டர்க்யூக்குள்ள ஓடற ஃபைனைட் ஃபீல்ட் கணிதம் (குறிப்பிட்ட சில எண்களுக்குள்ளயே கூட்டிப் பெருக்கற கணக்கு), 1832ல 20 வயசுல செத்துப்போன பிரெஞ்சு கணித மேதை கலுவா ஆரம்பிச்சது. அப்ப அதுக்கு எந்தப் பயனும் தெரியல. "உடனடிப் பயன் என்ன?"ன்னு கேட்டு சுத்தக் கணிதத்துக்குப் பணத்த வெட்டற எல்லாக் கமிட்டிக்கும் இத எடுத்துச் சொல்லணும்னு எனக்கு ஆத்திரமே வரும்.

ஆனா எல்லா இடத்துலயும் இது லாபம் இல்ல. கூகுள் ஆரம்பத்துல டிசிபிக்கு மாத்தா உருவாக்கின க்விக் ப்ரோட்டோகால்ல எக்ஸ்ஓஆர் மீட்பு வச்சுப் பாத்து, பெருசா பலன் இல்லைன்னு எடுத்துட்டாங்க. ரெண்டே பேருக்கு நடுவுல, பேக்கெட் அவ்வளவா தொலையாத லைன்ல, தொலைஞ்சத மட்டும் திருப்பி அனுப்பறதே சிக்கனம்.

அதனால கேள்வி கேட்டவருக்கு: எம்பி4 ஃபைல ஜிப் பண்ணி அனுப்பினா சீக்கிரம் போகும்ங்கறது மூடநம்பிக்கை, அது ஏற்கனவே சுருக்கின ஃபைல். வைஃபைய விட்டு கேபிள் போடுங்க. பல கனெக்‌ஷன் போடற, அறுந்தா விட்ட இடத்துல இருந்து தொடர்ற டூல் எடுத்துக்கங்க. வேகத்த முடிவு பண்றது அனுப்பற மெஷின்தான், லினக்ஸ்னா 4.9 கெர்னல்ல இருந்தே பிபிஆர்னு ஒரு வேகக் கட்டுப்பாட்டு முறை இருக்கு, அது ஒரு பேக்கெட் தொலைஞ்சதுக்கெல்லாம் பயப்படாது, அதப் போடுங்க. பிழை கண்டுபிடிக்க டிசிபி வைக்கற செக்சம்ங்கற சரிபார்ப்பு நம்பர் வெறும் 16 பிட், சில பிழை தப்பிடலாம், அதனால முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் எஸ்எச்ஏ-256 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நீளமான நம்பர்) எடுத்து ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா ஒரிஜினல அழிங்க.