நோய் தாங்கும் ரோஜா: எந்த நோயை, எந்த ஊரில்?

வடசென்னையில் மாடித் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் நான் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: “நோயே வராத ரகம் என்று நர்சரியில் சொன்னார்கள், மூன்றே மாதத்தில் இலையெல்லாம் கருகிவிட்டது.” எல்லா நோயையும் எல்லா ஊரிலும் தாங்கும் ரோஜா இதுவரை வரவில்லை.

இத்துறையில் அதிகம் பேசப்படும் ‘நாக் அவுட்’ ரகத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம் ராட்லர் உருவாக்கி, 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இந்த ரோஜா, கரும்புள்ளி நோயைத் தாங்கியதால் பெயர் பெற்றது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன்கள் பரப்பும் ரோசெட் வைரஸுக்கு அந்த நாட்டிலேயே ஏராளமாகப் பலியானது. கரும்புள்ளியை உண்டாக்கும் பூஞ்சையிலும் பல இனங்கள் உள்ளதால், ஓரிடத்தில் தாங்கிய ரகம் வேறோர் இடத்தில் அதே நோய்க்கு ஆளாவதுண்டு.

தட்பவெப்பம் மாறினால் பகையும் மாறும். ஊட்டி, ஓசூர் போன்ற குளிர்ந்த இடங்களில் சாம்பல் நோய்தான் பெரிய தலைவலி. அந்தப் பூஞ்சைக்கு இலை நனைய வேண்டியதில்லை, இரவின் குளிரும் ஈரக்காற்றுமே போதும். கரும்புள்ளிக்கோ இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். எனவே சென்னையில் அது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின் நோய். வெயில் காலத்தில் அதற்கு மருந்தடிப்பது வீண்செலவு.

அப்படியானால் ஏப்ரலில் தண்டையார்பேட்டை மாடியில் கருகும் இலை எதைக் காட்டுகிறது? பெரும்பாலும் உப்பை. கரும்புள்ளி என்றால் வட்டமான கறுப்புப் புள்ளியின் விளிம்பு இழை இழையாகப் பிரிந்திருக்கும், சுற்றிலும் மஞ்சள் படரும். உப்பு என்றால் முதிர்ந்த இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் காய்ந்து, தொட்டியின் மண்மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது ஊரறிந்த செய்தி. கடலோரத் தெருக்களின் போர் தண்ணீரும் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. இது போதாதென்று, வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில் ஆர்ஓ கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. எந்த நோய் தாங்கும் ரகமும் அதைத் தாங்காது. மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. அதையும் மழைநீரையும் பிடித்து வைத்து ஊற்றலாம். பொருக்கு கண்ட தொட்டியில், அடித்துளை வழியே நீர் தாராளமாக வெளியேறும்வரை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும்.

கோடையின் இன்னொரு பகை செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டினால், விழுந்த தூசியில் சில துகள்கள் ஊர்வது தெரியும். பூஞ்சைக்கொல்லி இதை ஒன்றும் செய்யாது. இலையின் அடிப்புறத்தில் காலை வேளையில் நீரைப் பீய்ச்சியடிப்பதே முதல் மருத்துவம்.

கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்தைப் பருவமழையின் நடுவே செய்யாதீர்கள். வெட்டுவாய் ஈரமாகவே இருந்தால் நுனிக்கருகல் நோய் அதன் வழியே நுழைந்து, கிளையைக் கறுப்பாக்கியபடி கீழிறங்கும். மழை ஓய்ந்தபின் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவுவது நல்லது.

ரகம் என்று கேட்டால், பூக்கடைகளில் பன்னீர் ரோஜா என்று விற்கப்படும் எட்வர்டு ரோஜாவையும் ஆந்திரச் சிவப்பு ரோஜாவையும்தான் முதலில் சொல்வேன். கண்காட்சிக்குரிய அழகு அவற்றுக்கு இல்லை என்றாலும் சமவெளி வெயிலுக்குப் பழகியவை. ஓசூரிலிருந்து வரும் ஒட்டுச் செடியை வாங்கினால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கவனியுங்கள். செடி செழிக்கிறது என்று மகிழ்ந்து அதை வளரவிட்டால், ஒட்டுப் பகுதி நலிந்து, வேரைத் தரும் அடிக்கன்றே மிஞ்சும். அத்துளிரைப் பிறக்கும் இடத்திலிருந்தே பிய்த்தெடுக்க வேண்டும்; கத்தரியால் மேலோடு நறுக்கினால் மீண்டும் கிளைத்து வரும்.