டாட்டிங்குக்குத் தமிழில் என்ன பெயர்?

‘சரிகைப் பின்னல்’. டாட்டிங் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப இந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள், போன வாரம் பார்த்த ஒரு செய்முறை வீடியோவிலும் அதேதான். இதில் உள்ள இரண்டு சொல்லுமே தப்பு.

டாட்டிங் என்பது கையளவுகூட இல்லாத, இரண்டு முனையும் கூரான ஒரு சின்ன நாடாவில், அதாவது ஷட்டிலில், நூலைச் சுற்றிக்கொண்டு, முடிச்சு முடிச்சாகப் போட்டு உருவாக்கும் லேஸ். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. ஆங்கிலப் பெயரின் வேர் தெளிவில்லை. பிரெஞ்சில் ஃப்ரிவோலித்தே, அதாவது விளையாட்டுத்தனமான வேலை. இத்தாலியப் பெயர் அரட்டை என்ற சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மன்காரர்கள் ‘சிற்றோட வேலை’ என்கிறார்கள், ஏனென்றால் அந்த நாடா ஓடம் போல இருக்கும். துருக்கியிலும் நாடாவின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

சரி, சரிகைக்கு வருவோம். சரிகை என்றால் காஞ்சிபுரம் பட்டில் ஓடுகிறதே, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது, அதுதான். இந்த லேஸுக்கு உலோகம் தேவையே இல்லை, சாதாரணப் பருத்தி நூல் போதும். ஆங்கிலத்தில் ராணுவ உடுப்பில் தைக்கும் பொன்னிழைப் பட்டிக்கும் லேஸ் என்று ஒரு பெயர் இருந்தது. அதைப் பார்த்து அகராதியில் யாரோ ‘சரிகை’ என்று போட்டிருப்பார்கள், அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். நாகர்கோவில் பக்கம் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் லேஸ் வேலையைத் தொடங்கிவைத்தார், அவர் மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அது டாட்டிங் அல்ல, தலையணையின்மேல் நூல்குச்சிகளை வைத்துச் செய்வது. ஆனால் லேஸ் என்ற சொல் அப்படித் தமிழ்நாட்டில் ஊன்றி இருநூறு வருடம் ஆகிறது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, வேறொரு பொருளுக்கு உரிய சொல்லைத் திருடுவதில் என்ன தூய்மை இருக்கிறது?

‘பின்னல்’ இதைவிட மோசம், ஏனென்றால் கற்றுக்கொள்கிறவரையே அது ஏமாற்றுகிறது. குரோஷா பின்னல்தான், ஸ்வெட்டர் போடுவதும் பின்னல்தான். தப்புப் போட்டால் நூலை உருவினால் போதும், வேலை பிரிந்து வந்துவிடும். டாட்டிங்கில் அது நடக்காது. நாடா நூலால் கைநூலின்மேல், அதாவது இடது கை விரல்களில் சுற்றியிருக்கும் நூலின்மேல், ஒரு கண்ணியைப் போட்டு, இடது கை விரல்களைத் தளர்த்தி, நாடா நூலை விறைப்பாக இழுக்க வேண்டும். அப்போது கண்ணி ‘டக்’ என்று இடம் மாறி, கைநூல் நாடா நூலைச் சுற்றிக்கொள்ளும். இந்த மாற்றம் நடந்தால்தான் முடிச்சு நடுவில் ஓடும் நாடா நூலின்மேல் நகரும். இப்படி இரண்டு பாதி சேர்ந்ததுதான் ஒரு முடிச்சு. வளையத்தில் இருபது முடிச்சு போட்டு அதில் ஒரே ஒரு பாதி மாறாமல் போயிருந்தாலும் கடைசியில் இழுக்கும்போது வளையம் மூடாது, பாதியில் முரண்டு பிடித்து நின்றுவிடும். மூடிய வளையத்தைப் பிரிப்பது அதைவிடக் கொடுமை, 80-ஆம் நம்பர் மெல்லிய நூலாக இருந்தால் பெரும்பாலும் கத்தரிக்கோல்தான் கதி. ஆரம்பத்தில் எத்தனையோ பேர் நாடாவைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான். ‘பின்னல்’ என்று கேட்டு வந்தவர் பிரிக்க முடியும் என்று நம்பித்தானே வந்திருப்பார்!

ஆனால் அந்த முடிச்சில்தான் இதன் சுகமும் இருக்கிறது. எல்லா முடிச்சும் ஒழுங்காக மாறியிருந்தால், ஒரு இழுப்பில் வளையம் சுருங்கி வட்டமாக உட்கார்ந்துவிடும், அந்த ஒரு நொடிக்காகவே எத்தனை வளையம் வேண்டுமானாலும் போடலாம். போட்டது துவைத்தாலும் குலையாது, ஓரிடத்தில் அறுந்தாலும் மளமளவென்று பிரிந்து ஓடாது.

அதனால் என் பெயர் ‘நாடா முடிச்சு லேஸ்’. வெறும் ‘முடிச்சு லேஸ்’ போதாது, கயிற்றை முடிந்து செய்யும் மக்ரமேயும் முடிச்சுதான். நாடா என்றால் ரிப்பன் இல்லையா என்று கேட்பார்கள். தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடுவதும் நாடாதான், தமிழ் பைபிளில் யோபு தன் நாட்களுக்கு ஒப்பிடுவது இந்த நாடாவைத்தான். பக்கத்தில் ‘முடிச்சு’ நின்றால் குழப்பம் வராது. நாடாவுக்குப் பதில் ஊசியில் போடுவது ‘ஊசி முடிச்சு லேஸ்’. பேச்சில் டாட்டிங் என்றே சொன்னாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

அப்புறம், செய்முறையை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று. முடிச்சு இடம் மாறுவதையும் ‘திருப்பவும்’ என்கிறீர்கள், வேலையையே தலைகீழாகப் புரட்டுவதையும் ‘திருப்பவும்’ என்கிறீர்கள். படிக்கிறவர் எதைத் திருப்புவார்? முன்னதற்கு ‘முடிச்சை மாற்று’, பின்னதற்கு ‘வேலையைப் புரட்டு’ என்று எழுதினால் என்ன கெட்டுவிடும்? வளையங்களுக்கு நடுவே வரும் வில் போன்ற பகுதியைச் ‘சங்கிலி’ என்று போடுவதும் வேண்டாம். குரோஷா தெரிந்தவர் அதைப் படித்துவிட்டுக் கொக்கி ஊசியைத் தேடுவார். ‘வளைவு’ என்று எழுதுங்கள்.