உப்பை மறக்காத இரும்பு

என் அண்ணன் மகன் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். போன நவம்பரில் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். மோட்டார் சைக்கிளைக் கழுவிக் காயவைத்து, அடிப்பக்கம் முழுக்க ஏதோ மெழுகுக் குழம்பைப் பீய்ச்சி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூங்கவைப்பது மாதிரி வண்டிக்குப் போர்த்தி விடுகிறான். "இனிமே மார்ச்லதான் சித்தப்பா எடுப்பேன். ரோட்டுல உப்பு போட ஆரம்பிச்சிட்டாங்க."

நான் மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது, எங்கள் வாய்க்குத்தான் இன்னும் மாறவில்லை. இங்கே பனி ஏது, ரோட்டில் உப்பு ஏது? அப்புறம் வெளியே போய் என் ஹோண்டா இ.எக்ஸ்.5 மோட்டார் சைக்கிளைக் குனிந்து பார்த்தேன். பின் கேரியரின் கம்பிகள் கரையான் அரித்த கட்டை மாதிரி பொரிந்திருந்தன. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் கீறினால் செதில் உதிர்கிறது.

அந்தக் கேரியரில்தான் என் மூன்று ஏக்கர் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, உர மூட்டை ஏற்றுகிறேன். செம்பனைக்குப் பொட்டாசியம் நிறைய வேண்டும். அதற்காகப் போடும் சிவப்பு உரத்தின் மூட்டையில் மூரியேட் ஆப் பொட்டாஷ் என்று அச்சடித்திருக்கும். வேதியியலில் அது பொட்டாசியம் குளோரைடு. குழம்பில் போடும் உப்பு சோடியம் குளோரைடு. இரண்டும் பங்காளிகள். சிவப்பு உரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி குளோரைடுதான். லீட்ஸில் லாரி வந்து கொட்டுகிற சரக்கின் பங்காளியை இங்கே நான் கயிறு போட்டுக் கட்டி, சொந்தச் செலவில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

அவர்கள் ஏன் கொட்டுகிறார்கள் என்பது எளிது. தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். உப்பைக் கரைத்தால் உறைநிலை இறங்கும், அதிகபட்சம் சுழியத்துக்குக் கீழே 21 டிகிரி வரை. ரோட்டில் பனிக்கட்டி பிடிக்காது. உறையாத அந்த உப்புநீர் வண்டியின் அடியில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். வினை அங்கேதான் தொடங்குகிறது.

துருப்பிடிக்கும் இரும்பு ஒரு குட்டி பேட்டரி. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் இரும்புக்குள்ளேயே ஓடி வேறோர் இடத்துக்குப் போய், அங்கே நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகின்றன. கரைந்த இரும்பும் ஹைட்ராக்சைடும் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. இந்தச் சுற்று முழுமையாக, நீர் வழியாக அயனிகள், அதாவது மின்னேற்றம் உள்ள துகள்கள், நகர்ந்தாக வேண்டும். மழைநீரில் அயனிகள் குறைவு, அதனால் மின்னோட்டம் ஒற்றையடிப் பாதையில் போவது மாதிரி தட்டுத்தடுமாறிப் போகும். உப்புநீர் அதற்குத் தார்ரோடு.

1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு சொட்டு உப்புநீரை இரும்புத் தகட்டில் விட்டு ஆராய்ந்தார். துளியின் விளிம்பில் காற்று எளிதாகக் கலக்கும், நடுவில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த இடம் அரிக்கும்? காற்றுப் படுகிற விளிம்புதான் என்று நானும் நினைத்திருந்தேன். அரித்தது நடுப்பகுதி. ஆக்சிஜன் உள்ள இடம் எலெக்ட்ரானை வாங்குகிறது, இல்லாத இடம் கொடுத்துக் கொடுத்தே கரைகிறது. மட்கார்டின் மடிப்புக்குள், ஒட்டிய சேற்றுக்கு அடியில், வாஷருக்குப் பின்னால், காற்றே போகாத சந்துகளில் வண்டி ஓட்டை விழுவதன் ரகசியம் இதுதான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இரும்பு அதைச் சொல் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. குளோரைடு இரும்போடு சேர்ந்து இரும்பு குளோரைடு ஆகும். நீர் அதைப் பிரித்து, இரும்பை ஒதுக்கிவிட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் அடுத்த அடுக்கு இரும்பைத் தின்னும், மறுபடி இரும்பு குளோரைடு. குளோரைடு செலவாவதே இல்லை. துருவை மேலோட்டமாகத் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் கொப்புளம் வருகிறதே, குழிக்குள் மிச்சமிருந்த உப்பின் வேலை அது. போதாததற்கு, துரு தான் பிறந்த இரும்பைவிடச் சில மடங்கு அதிக இடத்தை அடைக்கும். பெயின்டைக் கீழிருந்து நெம்பித் தள்ளிவிடும்.

மழையில் நனையாமல் வைத்தால் போதாதா? நானும் அப்படித்தான் கொட்டகையில் நிறுத்தினேன். உப்புக்கு மழை தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். சாப்பாட்டு உப்புக்கு அந்த அளவு ஏறக்குறைய 75 விழுக்காடு, பொட்டாசியம் குளோரைடுக்கு 84. இரண்டும் கலந்தால் இன்னும் குறைவிலேயே நடக்கும். நம் பக்கம் ராத்திரியில் ஈரப்பதம் 90ஐத் தாண்டுவது சாதாரணம். வாய் திறந்த உர மூட்டை விடிவதற்குள் கசகசத்துப்போவதைப் பார்க்காத தோட்டக்காரர் உண்டா? கேரியரில் சிந்திய பொடியும் அப்படித்தான், தினமும் ராத்திரி உப்புநீராகி, பகலில் காய்ந்து, மறுபடி நீராகிறது. சொல்லப்போனால் மழை நல்லது செய்கிறது, மேற்புற உப்பைக் கழுவிவிடுகிறது. மழை படாத அடிப்பக்கம்தான் முதலில் போகும். வெப்பம் ஏற ஏற வினையும் வேகமாகும். குளிர்கால இங்கிலாந்தில் அது ஊர்ந்து போனால் 30 டிகிரியில் ஓடுகிறது. அவர்களுக்கு நான்கைந்து மாதம், நமக்கு வருடம் முழுக்க.

ரப்பர் மரத்தில் பால் வெட்டின காலத்திலும் இது இருந்தது. பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் சிந்திய சைக்கிள்களின் கேரியர் என்ன கதியாகும் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் மாற்றும்போது வடித்த கறுப்பு எண்ணெயைச் சும்மா கொட்டுவானேன் என்று கவையிலும் கேரியரிலும் தடவினேன், கழுவாமலே. உப்பு உள்ளே, எண்ணெய் மேலே. பழைய எஞ்சின் எண்ணெயில் எரிதலின் அமிலக் கழிவும் கொஞ்சம் நீரும் வேறு கலந்திருக்கும். தூசியும் அதில் அப்பிக்கொண்டது. எவன்ஸின் துளியை நானே வண்டி முழுக்க உருவாக்கியிருக்கிறேன்.

ஆகவே முதலில் கழுவுவதுதான் காரியம். உரம் ஏற்றிய அன்றே, சாதாரணக் குழாய்த் தண்ணீரில், அடியிலிருந்து மேலாக, நிறைய ஊற்றிக் கழுவ வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. அழுத்தக் குழாயைச் சக்கரத்தின் பேரிங் பக்கம் நீட்டாதீர்கள், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். கழுவியபின் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வெயிலில் நிறுத்தினால் சந்துகளும் காயும். எண்ணெயோ மெழுகோ அதற்குப் பிறகுதான், சுத்தமானதாக, மெல்லிசாக. துருத்தடுப்பு எண்ணெயில் கலக்கும் மூலக்கூறுகளின் தலை இரும்பைப் பிடிக்கும், கொழுப்பு வால் வெளியே நீண்டு நீரை விரட்டும். பிரேக் டிஸ்க், டயர் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது.

டபுள்யூடி-40 என்ற தெளிப்பு எண்ணெய் பற்றிப் பலருக்கும் ஒரு பக்தி உண்டு. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நீரை விரட்டும் திரவம் தேடி, 40ஆவது கலவையில் கிடைத்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் இருக்கத்தான் அப்போது தேவைப்பட்டது. ஈரத்தை விரட்ட அருமை, ஆனால் விட்டுச்செல்லும் படலம் மெல்லிசு. நம் மழைக்கு வாரக்கணக்கில் தாங்கும் என்று நம்பாதீர்கள்.

போல்ட்டில் வெள்ளைப் பொடி பூத்தால் பதற வேண்டாம். அது துத்தநாகப் பூச்சு, இரும்புக்கு முன்னால் தான் கரைந்து அதைக் காக்கிறது. பழுப்பு நிறம் தெரிந்தால் துத்தநாகம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

பிளாஸ்டிக் கென்வாஸ் போர்த்துவது எனக்குப் பிடிக்காத பழக்கம். 27 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால், இரும்பு 25 டிகிரிக்கு இறங்கினாலே மேலே நீர் பூக்கும். காற்று புகாத உறை அந்த ஈரத்தைப் பகலிலும் விடாது. போர்த்தியே தீருவேன் என்றால் காற்றோட்டமான துணியாக இருக்கட்டும்.

கடைசியாகப் புகைக்குழாய். அது உள்ளிருந்து துருப்பிடிக்கிறது, வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும், பெட்ரோலின் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து. குழாய் நன்றாகச் சுட்டால் அது ஆவியாக வெளியேறும். முச்சந்திக் கடைக்கு ரொட்டி சானாய் வாங்கப் போய்த் திரும்பும் ஐந்து நிமிட ஓட்டத்தில் குழாய் சூடாகாது, நீர் உள்ளேயே தேங்கும். பல குழாய்களின் அடியில் இதற்காகவே ஒரு சிறு துளை இருக்கும். என்னுடையதைச் சேறு அடைத்திருந்தது. ஆணியால் குத்தினேன், கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ரொட்டி சானாய்க்காகப் பக்கத்து ஊரான ஈஜோக் வரை போகிறேன். புகைக்குழாய்க்காக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.