‘10 லட்சத்தைத் தாண்டலையே சார்!’

இன்னொரு வங்கிக் கிளை, கறுப்புப் பணம் வெள்ளையாவதைத் தடுக்கும் கண்காணிப்பு பற்றி இன்னொரு ஆய்வு அறிக்கை. வாடிக்கையாளர் அத்தனை பேரும் ‘லோ ரிஸ்க்’, அதாவது இடர் குறைந்தவர்கள். கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் லோ, மன்னார்குடி நெல் வியாபாரி லோ, போன மாதம் கணக்குத் தொடங்கிய கல்லூரி மாணவரும் லோ. திரையில் முதலில் வந்து நிற்பது அதுதான், யாரும் மாற்றுவதில்லை. இதற்குப் பெயர் இடர் அடிப்படையிலான கண்காணிப்பாம்!

சந்தேகமான கணக்கைக் காட்டிக் கேட்டால் கிளைக்காரர்களிடமிருந்து வரும் பதில்தான் தலைப்பில் இருக்கிறது. 10 லட்சம் என்பது அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு வங்கி அனுப்பும் ரொக்கப் பரிவர்த்தனை அறிக்கைக்கான வரம்பு, அவ்வளவுதான். அதிலும், ஒன்றோடொன்று தொடர்புள்ள ரொக்க வரவுகள் ஒரே மாதத்தில் சேர்ந்து 10 லட்சத்தைத் தாண்டினாலே அறிக்கை போக வேண்டும். நான்கு நாளைக்கு ஒருமுறை 4,90,000 கட்டுகிறவர் அந்த வரம்பு தெரிந்துதான் பிரித்துக் கட்டுகிறார். சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைக்கோ வரம்பே கிடையாது. 5,000 ரூபாய்க்கும் போகும். பணம் கட்ட வந்து, கேள்வி கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டவரின் முயற்சிக்கும் போகும்.

தொகையை விடுங்கள், பொருத்தத்தைப் பாருங்கள். தை, மாசியில் சம்பா நெல்லுக்குக் கொள்முதல் நிலையப் பணம் வரும்போது விவசாயி கணக்கில் லட்சங்கள் விழுவது இயல்பு. எங்கோ உட்கார்ந்து அமைத்த மென்பொருள் எல்லாவற்றுக்கும் அலர்ட் (எச்சரிக்கை) போடும், கிளையும் எல்லாவற்றையும் ஒரே வரியில் மூடிவிடும். யார் பெயரில் எவ்வளவு நிலம் என்று சொல்லும் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். 3 ஏக்கர். ஏக்கருக்கு 20 குவிண்டால், குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம்தான். வந்திருப்பது 9 லட்சம், மறுநாளே முழுசாக ரொக்கமாய் வெளியே போயிருக்கிறது. குத்தகைச் சாகுபடியாக இருக்கலாம். கேளுங்கள், சாகுபடியைக் காட்டும் அடங்கல் வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் வியாபாரியின் நெல் விவசாயி பெயரில் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருக்கலாம்.

மாணவர் கணக்கு வேறு ரகம். 800 ரூபாய் இருப்பில் கிடந்த கணக்கில் முன்பின் தெரியாத பத்துப் பேரிடமிருந்து யுபிஐ வரவு, சில நிமிடங்களில் ஏடிஎம்மில் காலி. கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சான்று) காகிதம் சுத்தமாக இருக்கும், ஆள் நிஜம்தானே! கார்டும் சிம்மும்தான் மோசடிப் பணத்தைக் கடத்தும் வேறொருவர் கையில்.

ஆய்வுக்குப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கியானாலும், மத்தியக் கூட்டுறவு வங்கிகளைப் பார்க்கும் நபார்டு ஆனாலும், கோப்பில் ஆதார் நகல் இருக்கிறதா என்று எண்ணுவதில் பொழுது போக வேண்டாம். மூடிய அலர்ட்களில் இருபதை உருவி, மூடிய காரணத்தைப் படியுங்கள். ‘விசாரிக்கப்பட்டது, திருப்தி’ என்றிருந்தால் யாரை, என்ன கேட்டார்கள் என்று கேளுங்கள். ஆறு மாத மறுஆய்வில் எத்தனை கணக்கின் இடர் வகை மாறியது? ஒன்றுகூட இல்லையென்றால் மறுஆய்வே நடக்கவில்லை. ஹை ரிஸ்க்குக்கு 2 ஆண்டு, மீடியத்துக்கு 8, லோவுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறைதான் கேஒய்சி புதுப்பிப்பு. மறுஆய்வும் நடக்காவிட்டால், இன்று தப்பாகப் போட்ட ‘லோ’ பத்து ஆண்டு தூங்கும்.

கிளைக்காரர்களுக்கு ஒன்று: சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்பியதை வாடிக்கையாளரிடம் மூச்சு விடாதீர்கள், தெரிந்தவர், ஊர்க்காரர் என்றாலும். சட்டம் தடுக்கிறது.

பெற்றோருக்கு: மாசம் ஐயாயிரம் தருகிறேன் என்று யாராவது பிள்ளையின் பாஸ்புக், கார்டு கேட்டால் கொடுக்க விடாதீர்கள். கொடுத்தாகிவிட்டதென்றால் இன்றே கிளைக்குப் போய்க் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழையுங்கள்.