மூன்றாம் நாள் மாத்திரை

காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர், "இனி ஊசி வேண்டாம், மாத்திரை போதும்" என்கிறார். உடன் இருப்பவருக்கு மனசே ஆறுவதில்லை. "இன்னும் ரெண்டு நாள் ட்ரிப்ஸ்லயே போட்டா என்ன டாக்டர்?"

ஊசி என்றால் வீரியம், மாத்திரை என்றால் லேசு என்ற இந்த நினைப்பு சும்மா வந்ததல்ல. முதலில் புழக்கத்துக்கு வந்த பென்சிலினை விழுங்கினால் அதில் பெரும்பகுதி வயிற்று அமிலத்திலேயே சிதைந்துபோகும். ஊசிதான் வழி. அமிலத்தைத் தாங்கும் பென்சிலின் வி 1950களில் வந்துவிட்டது. நினைப்பு மட்டும் மாறவில்லை.

சிரையில் ஏற்றும் மருந்து (நாம் 'நரம்பு ஊசி' என்கிறோம், நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) முழுசாக ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை கரைய வேண்டும், குடல் சுவரைத் தாண்ட வேண்டும், கல்லீரல் வழியாகப் போக வேண்டும். இத்தனைக்கும் பிறகு ரத்தத்தில் மிஞ்சும் பங்குதான் கணக்கு. லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கில் (பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் மருந்து) அது கிட்டத்தட்ட 100 சதவீதம். அதனால் ட்ரிப்ஸிலும் 600 மில்லிகிராம், மாத்திரையிலும் 600. லீவோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் அப்படியே. சிப்ரோஃப்ளாக்சசினில் 70 முதல் 80 சதவீதம்தான் சேரும். ட்ரிப்ஸில் 400 போட்ட இடத்தில் மாத்திரையில் 500 கொடுத்தால் சரியாகிவிடுகிறது.

எல்லா மருந்துக்கும் இந்த வசதி இல்லை. ஜென்டாமைசினைக் குடல் உறிஞ்சுவதே இல்லை எனலாம். வான்கோமைசினும் குடலிலேயே தங்கிவிடும். பெருங்குடலைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமிக்கு அதை வாய்வழியே கொடுப்பது அந்தக் குறையை நம்பித்தான்! செஃப்ட்ரியாக்சோனுக்கு மாத்திரை வடிவமே கிடையாது. இப்படிப்பட்ட மருந்து என்றால், கல்ச்சர் ரிப்போர்ட்டை (நோயாளியின் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு) பார்த்து, அவரது கிருமிக்குக் கேட்கும் வேறொரு மருந்துக்குத் தாவ வேண்டும்.

எப்போது மாற்றலாம்? ஊசி தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். காய்ச்சல் இறங்கியிருக்கிறதா, நாடித்துடிப்பு அடங்கியிருக்கிறதா, வாந்தி இல்லாமல் விழுங்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவருக்கு மாத்திரையை நம்ப முடியாது. உடல் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுவதால் குடலுக்குப் போவது குறைந்து, உறிஞ்சுவதும் தடுமாறும். மூளைக்காய்ச்சலிலும் பொதுவாக ஊசிதான் தொடரும்.

எலும்பிலும் இதய வால்விலும் தொற்று என்றால் வாரக்கணக்கில் ஊசி என்பது நெடுங்கால வழக்கம். 2019-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அதை அசைத்தன. பிரிட்டனில் எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரிடம் நடந்த ஓவிவா ஆய்வில், ஓராண்டுக்குள் சிகிச்சை தோற்றது ஊசிக் குழுவில் 14.6 சதவீதம், மாத்திரைக் குழுவில் 13.2. டென்மார்க்கின் போயட் ஆய்வில், வால்வுத் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்து முதல் கட்ட ஊசியில் தேறிய 400 பேரில் பாதிப்பேரை மாத்திரைக்கு மாற்றினார்கள். முடிவு ஊசிக்குச் சளைக்கவில்லை.

ட்ரிப்ஸைத் தொடர்வதில் நஷ்டமில்லை என்றும் சொல்ல முடியாது. புறங்கையில் பிளாஸ்திரிக்குக் கீழே, சிரைக்குள் செருகிய கேனுலா என்ற சிறு குழாயைப் பாருங்கள். சில நாளில் அந்த இடம் சிவந்து, சிரை கயிறுபோலத் தடித்து, தொட்டாலே வலிக்கலாம். தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அந்தத் துளை வழியாக நேராக ரத்தத்துக்குள் இறங்கவும் கூடும். ஒரு தொற்றுக்கு வைத்தியம் பார்க்கப்போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வது இப்படித்தான்.

மாத்திரைக்கும் ஒரு பலவீனம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசினோடு இரும்புச்சத்து மாத்திரையையோ கால்சியத்தையோ ஒரே மடக்கில் விழுங்கினால், அந்த உலோக அயனிகள் மருந்தைக் குடலிலேயே கவ்விக்கொள்ளும். ரத்தத்துக்குப் போய்ச் சேருவது வெகுவாகக் குறையும். அதனால் சிப்ரோவை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ கொடுக்கச் சொல்கிறார்கள். காலை மாத்திரைகளை எல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்டு நீட்டும்போது இதுதான் மறந்துபோகிறது.