ஒரு புள்ளிக்கு இரண்டு பேட்ச்

பிரவுசரில் ஒரு படத்தைக் கேட்டால், சர்வர் நாம் அனுப்பிய முகவரியைப் படித்து, தளத்துக்கென ஒதுக்கிய ஃபோல்டருக்குள் போய் அந்த ஃபைலை எடுத்துத் தருகிறது. அந்த ஃபோல்டரைத் தாண்டி அது வெளியே போகக்கூடாது. ஆனால் முகவரியில் '../' என்று எழுதினால் 'ஒரு படி மேலே போ' என்று பொருள். இதையே நாலைந்து முறை அடுக்கிவிட்டால் ஒதுக்கிய இடத்தை விட்டு ஏறி, கணினியின் எந்த மூலைக்கும் போய்விடலாம். சர்வர் எழுதுகிறவர்களுக்கு இது பாலபாடம். அதனால்தான் முகவரி வந்ததும் முதல் வேலையாக இந்த இரட்டைப் புள்ளிகளைத் தேடிப் பிடித்துக் கழித்துவிடுவார்கள்.

அப்படி இருந்தும், 2021 செப்டம்பரில் வந்த அப்பாச்சி வெப் சர்வரின் 2.4.49 வெர்ஷனில் இதே ஓட்டை திறந்துகொண்டது. உலகில் மிக அதிகம் பேர் பயன்படுத்தும் சர்வர்களில் ஒன்று அது; எழுதுகிறவர்களும் அனுபவசாலிகள். அதைச் சரிசெய்த கதையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், எழுதுவதில் உள்ள சிரமம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முகவரியில் எல்லா எழுத்தையும் அப்படியே எழுத முடியாது. இடைவெளி வேண்டுமென்றால் '%20' என்று எழுதுவோம். சதவீதக் குறி போட்டு, அந்த எழுத்துக்குரிய இரண்டு இலக்கக் குறியீட்டைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். புள்ளிக்கும் இப்படி ஒரு குறியீடு உண்டு: சதவீதக் குறி, 2, அப்புறம் ஆங்கில எழுத்து ஈ. இங்கே அதை '%2ஈ' என்றே எழுதிக்கொள்கிறேன்.

2.4.49-இல் முகவரியைச் சுத்தம் செய்யும் பகுதியைப் புதிதாக எழுதியிருந்தார்கள். அது முகவரியை இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டே போகும். குறியீடு வந்தால் எழுத்தாக மாற்றும். புள்ளி வந்தால் அடுத்ததும் புள்ளிதானா என்று எட்டிப் பார்க்கும். '../' வந்தால் பிடித்துவிடும். '.%2ஈ/' வந்தால்? முதல் புள்ளியில் நின்று எட்டிப் பார்க்கிறது. அடுத்து இருப்பது சதவீதக் குறி. 'சரி, இது இரட்டைப் புள்ளி இல்லை' என்று நகர்ந்துவிடுகிறது. அடுத்த அடியில் அந்தக் குறியீடு புள்ளியாக மாறுகிறது. அதற்குள் சோதனை முடிந்து போயிற்று. எட்டிப் பார்த்த எழுத்து இன்னும் மாற்றப்படாத எழுத்து. தவறு அந்த ஒரு கணத்தில்தான்.

அக்டோபர் 4-ஆம் தேதி 2.4.50 வந்தது. இனி எட்டிப் பார்க்கும்போது புள்ளியோடு '%2ஈ' இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கும். படித்தால் போதுமான திருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் '%%32%65' என்று அனுப்பினால் என்ன ஆகும்? '%32' என்பது 2 என்ற இலக்கத்தின் குறியீடு, '%65' என்பது அந்த ஈ எழுத்தின் குறியீடு. முதல் சுற்றில் இரண்டும் மாறி, முன்னால் தனியாக நின்ற சதவீதக் குறியோடு சேர்ந்து '%2ஈ' ஆகிவிடும். சோதனை செய்யும் பகுதிக்கு அங்கே புள்ளியே தெரியாது. அப்புறம் சர்வரின் வேறொரு பகுதி அதே முகவரியை இன்னொரு முறை மாற்றும்போது, அது புள்ளியாகிறது.

ஆக, உண்மையான நோய் வேறு இடத்தில் இருந்தது: ஒரே முகவரியின் குறியீடுகள் இரண்டு முறை எழுத்தாக மாற்றப்படுகின்றன, சோதனையோ அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அக்டோபர் 7-இல் வந்த 2.4.51 அதைத் தொட்டது. ஒரு முறை மாற்றி முடித்ததை மறுபடி மாற்றாதபடி, மாற்றும் வேலையைக் கட்டுப்படுத்தும் புதிய ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்தார்கள். தாக்குதலில் வந்த எழுத்துக் கோவையைப் பார்த்து அதை மட்டும் தடுத்தால் பேட்ச் பாதியில் நிற்கும். அந்தக் கோவை எந்த வழியாக எத்தனை பேர் கை மாறிப் போகிறது என்று கடைசிவரை தொடர்ந்து போக வேண்டும். மூன்று நாளில் மறுபடி திருத்தினார்களே என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். அந்த நெருக்கடியிலும் முதல் பேட்ச் போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய விஷயம்.

நெருக்கடி என்று சொல்லக் காரணம் உண்டு. திறந்த மூல மென்பொருளில் பேட்ச் வெளியான நிமிடமே, பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோர் கண்ணிலும் படும். எந்த வரி மாறியது என்று பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அப்போதிலிருந்து, இன்னும் பேட்ச் போடாதவர்களுக்கு ஆபத்து முன்பைவிட அதிகம். வெப் தளங்களை எழுத உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வேறொரு மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. மக்களின் கடன் விவரங்களைச் சேகரிக்கும் அமெரிக்க நிறுவனமான எக்விஃபேக்ஸின் ஒரு தளத்தில் அதைப் போடவில்லை. மே மாதத்தில் உள்ளே நுழைந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள்.

சில ஓட்டைகளுக்கு நிரலைத் திருத்துவதோடு, மென்பொருள் எந்த அமைப்போடு வருகிறது என்பதையும் மாற்ற வேண்டியிருக்கும். ஜாவா நிரல்களை ஓட்டும் டாம்கேட் சர்வரில் 2020-இல் வெளிவந்த 'கோஸ்ட்கேட்' என்ற ஓட்டை அப்படிப்பட்டது. முன்னால் நிற்கும் வெப் சர்வரோடு பேசுவதற்கென்று 8009 என்ற எண்ணுள்ள போர்ட்டில் (நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் வாசலில்) ஒரு கதவு, யாரும் கேட்காமலே திறந்திருந்தது. பேட்ச் வந்தபின் அந்தக் கதவு தானாகத் திறப்பதில்லை. வேண்டுமென்று திறந்தாலும், அதே கணினிக்குள்ளிருந்து வருவோருக்கு மட்டும் செவிசாய்க்கும். ரகசியச் சொல்லும் கேட்கும். 2.4.49 கதையிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 'ஒதுக்கிய ஃபோல்டர் தவிர வேறெதையும் தராதே' என்ற தடை அமைப்பில் இருந்த சர்வர்களில், இரட்டைப் புள்ளி உள்ளே நுழைந்தும் ஃபைல் எதுவும் வெளியே போகவில்லை.

பேட்ச் போட்டாயிற்று என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. லினக்ஸில் ஒரு லைப்ரரியை (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுதியை) அப்டேட் செய்தால் டிஸ்கில் இருக்கும் ஃபைல்தான் மாறும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், தொடங்கும்போது நினைவகத்தில் ஏற்றிய பழைய பிரதியையே பிடித்துக்கொண்டிருக்கும். வெர்ஷன் கேட்டால் புது எண் வரும், ஓட்டையோ பழைய இடத்திலேயே இருக்கும். ரீஸ்டார்ட் செய்யும்வரை இப்படித்தான். இதற்கு நேர்மாறானதும் நடக்கும்: டெபியன் போன்ற விநியோகங்கள் (லினக்ஸைத் தேவையான மென்பொருள்களோடு தொகுத்துத் தருபவை) பழைய வெர்ஷனை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் அதற்குள் கொண்டுவருவதால், வெர்ஷன் எண் பழையதாகத் தெரிந்தாலும் ஓட்டை அடைபட்டிருக்கும். அதனால் எண்ணை மட்டும் நம்பிவிடாமல், விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்பில் இந்த ஓட்டை எந்தத் தொகுப்பில் திருத்தப்பட்டது என்று பாருங்கள். அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் எப்போது தொடங்கியது என்று பாருங்கள். அப்டேட் நேரத்துக்கு முந்தையது என்றால் ரீஸ்டார்ட் இன்னும் பாக்கி.