ஒரு குழிக்கு இரண்டு கிரீன் ஏன்?

புல்தரை அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். கோல்ஃப் மைதானம் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடு வருவார்கள். "இதே பச்சை வருடம் முழுக்க வேண்டும்" என்பார்கள். எந்தப் புல், எந்த மண், எவ்வளவு மருந்து என்ற கேள்வி அபூர்வமாகவே எழும். அவர்களிடம் நான் எடுத்துச் சொல்வது ஜப்பானின் அனுபவத்தை.

ஹியோகோ மாகாணத்தில், கோபேவை அடுத்த மிக்கியில் இருக்கிறது ஹிரோனோ கோல்ஃப் மைதானம். பைன் காடும் குளங்களும் பள்ளங்களுமான நிலம். 1930-ன் இறுதியில் ஜப்பானுக்கு வந்த ஆங்கிலேய வடிவமைப்பாளர் சார்லஸ் ஹியூ ஆலிசனின் திட்டப்படி அமைந்து, 1932-ல் திறக்கப்பட்டது. குளத்தைத் தூர்க்காமல் அதைத் தாண்டிப் பந்தை அடிக்க வைத்தார். பள்ளங்களையும் ஆட்டத்திற்குள் இழுத்துக்கொண்டார். நிலத்தைச் சமன்செய்து அழகு சேர்ப்பதைவிட இது கடினமான வேலை. பந்தைச் சிக்கவைக்க அவர் அமைத்த ஆழமான மணற்குழிகள் ஜப்பானில் அவர் பெயராலேயே அறியப்பட்டன. காலப்போக்கில் அவற்றின் விளிம்புகள் மழுங்கிப்போக, வடிவமைப்பாளர் மார்ட்டின் எபர்ட் 2019-ல் அவற்றை மீட்டெடுத்தார்.

ஆனால் நிலம் ஒத்துழைத்தாலும் வானிலை ஒத்துழைக்க வேண்டுமே! ஜப்பானின் கோடை புழுக்கமானது, குளிர்காலமோ கடுமையானது. கொராய் புல் வெயிலைத் தாங்கும், ஆனால் குளிர் வந்தால் உறங்கிப் பழுப்பாகிவிடும். பென்ட் புல் குளிரில் பச்சையாக நிற்கும். கோடை ஈரத்தில் பூஞ்சைக்கு இரையாகும். ஒரே தரையில் இரண்டையும் காக்க முடியாததால் பல மைதானங்களில் ஒரு குழிக்கு இரண்டு கிரீன்களை, அதாவது பந்தை உருட்டிக் குழியில் விழவைக்கும் குட்டைப் புல்தரைகளை, அமைத்தார்கள். ஒன்றில் ஆடும்போது மற்றது ஓய்வெடுக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. வெட்டவும் நீர் பாய்ச்சவும் நோய் பார்க்கவும் வேண்டிய பரப்பு பெருகுகிறது. இலக்கு இரண்டானதும் எந்தக் கிரீனைக் காக்க மணற்குழி வைப்பது என்ற குழப்பமும் வருகிறது. வடிவமைப்பின் கூர்மை போய்விடுகிறது.

வெப்பம் தாங்கும் புதிய பென்ட் வகைகளும், நீர் தேங்காத மணல் அடித்தளமும் வந்த பிறகு பல மைதானங்கள் ஒற்றைக் கிரீனுக்கு மாறின. 2021-ல் ஒலிம்பிக் கோல்ஃப் போட்டி நடந்த, ஜப்பானின் கசுமிகசெகி கோல்ஃப் மன்றத்தின் கிழக்கு மைதானமும் அதற்கு முந்தைய மறுவடிவமைப்பில் அப்படித்தான் மாறியது.

மருந்து விஷயம் இன்னும் கசப்பானது. 1980-களின் பொருளாதார எழுச்சியில் மலைகளை வெட்டிப் பள்ளத்தாக்குகளை நிரப்பிப் புது மைதானங்கள் எழும்பின. அங்கிருந்து வழிந்தோடும் நீரில் பூச்சிக்கொல்லி கலக்கிறது என்று கிராமத்தினர் எதிர்த்தார்கள். மைதானங்களின் வடிகால் நீரில் எந்த மருந்து எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 1990-ல் அரசு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது.

அதனால்தான் படத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மழைக்காலத்தில் அந்த நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கீழே யாருடைய கிணறு இருக்கிறது என்பதைத்தான். புல்லின் பெயரை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.